வான்படத்திற் காட்டின் அடர்த்தியை மதித்தல்

வரண்ட வலயத்துக் கமக்காரருக்குக் குளமே உயிர். குளத்தின் மேலுள்ள காடு ஐதானால் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு வந்து குளத்தைத் தூர்க்கும். சிறுபோகத்துக்கு நீர் போதாது. ஆகையால் காட்டின் அடர்த்தியை அறிதல் வன அலுவலருக்கு மாத்திரம் உரிய காரியமன்று.

1956 ஆம் ஆண்டிற் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் இலங்கை வானிலிருந்து படம் பிடிக்கப்பட்டது. அப்படங்களின் அளவுத்திட்டம் 1:40,000. எனவே 8 மீற்றர் அகன்ற பாலைமர முடி படத்தில் 0.2 மில்லிமீற்றரே. அதில் மரங்களை எண்ண முயல்வது வீண். முடிகள் நிலத்தை எவ்வளவு மறைத்துள்ளன என்பதையே மதிக்கலாம். இக்காலத்தில் ஆளில்லா விமானம் எடுக்கும் படத்தில் முடிகள் தனித்தனியே தெரியினும் இம்முறை அதற்கும் பொருந்தும்.

ஒளிபுகும் தாளொன்றிற் சம இடைவெளியில் 100 புள்ளிகளை இட்டு, காட்டின் படத்தின்மீது வைத்தல் வேண்டும். மரமுடிமேல் விழும் புள்ளிகள் 62 எனின், மூடிய அளவு நூற்றுக்கு 62. தாளைச் சற்றே திருப்பிவைத்து இன்னும் இருமுறை எண்ணிச் சராசரி காண்க.

இங்கே ஏமாறுவோர் பலர். காலையிலோ மாலையிலோ எடுத்த படத்தில் நிழல் நீண்டிருக்கும்; அதனை முடியென எண்ணினால் ஐதான காடும் அடர்காடாகிவிடும். கைவிட்ட சேனையில் எழுந்த பற்றையும் மேலிருந்து நெருக்கமாகவே தோன்றும். பற்றை வழவழப்பாகவும், பாலையும் வீரையும் ஓங்கிய காடு சொரசொரப்பாகவும் தெரியும். ஒன்றன்மேலொன்று படிய எடுத்த இரு படங்களை அதற்கான இரட்டைக் கண்ணாடியூடே நோக்கின் உயரமும் புலப்படும். முதிரை வறட்சியில் இலையுதிர்க்கும். ஆதலால் ஆடி மாதப் படத்தை மார்கழிப் படத்துடன் ஒப்பிடலாகாது.

மேல்முடிக்குக் கீழுள்ள சிறுமரங்கள் எப்படத்திலும் தெரியமாட்டா. ஆகவே வன அலுவலரின் அனுமதியுடன் காட்டினுள் 20 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமான சதுரங்களை அளந்து மரங்களை எண்ணுதல் அவசியம். ஒரு சதுரத்தில் 18 மரங்கள் இருப்பின், 25 ஆற் பெருக்க, ஹெக்டேயருக்கு 450. அடர்ந்த இடத்தை மாத்திரம் தெரிந்து அளப்பது கணக்கையே கெடுக்கும். ஐதான இடத்திலும் அளக்க வேண்டும்.

மொத்தக் கணக்கினும் முக்கியமானது வெற்றிடம் எங்கே உள்ளது என்பதாகும். தூரத்து மேட்டில் மரம் குறைந்தாற் சேதம் சிறிது. குளத்துக்கு நீர் கொணரும் ஓடைக்கரையிலோ அலைகரையிலோ குறைந்தால், அடுத்த காலபோக மழையிலேயே மண் குளத்தினுள் வந்து சேரும். புள்ளித்தாளை முதலில் வைக்கவேண்டிய இடம் அதுவே.