பழைய 3 சீரிஸ் செடான்: தளர்ந்த முன்பக்கத்தைச் சீராக்குதல்

பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் ஐந்தாம் தலைமுறை செடானுக்கு ஈ90 என்பது குறியீட்டுப் பெயர். 2005 முதல் 2011 வரை தயாரான இந்தக் கார், 2007-இல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தொடங்கப்பட்ட சென்னை ஆலையிலும் பூட்டப்பட்டது. எஞ்சின் இன்னும் திடமாக இருக்கும் கார்களில்கூட ஸ்டியரிங் தளர்ந்துபோயிருப்பதைக் காணலாம். பெரும்பாலும் ரப்பர் புஷ்களும் டயர்களும்தான் இதற்குக் காரணம். விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரில் தொடங்குவது வீண்செலவு.

முதலில் டயர். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்த டயரை மாற்றிவிட வேண்டும். ஈ90, காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்களோடு வந்தது. அவற்றின் பக்கச்சுவர் விறைப்பானது; குண்டுகுழியின் அடி அப்படியே உடம்புக்கு ஏறும். சாதாரண டயருக்கு மாறினால் வேறெந்தச் செலவும் தராத மென்மை கிடைக்கும். ஆனால் டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடம் கிடையாது. பஞ்சர் கிட்டும் சிறிய கம்ப்ரஸரும் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது.

அடுத்து முன் ஆர்ம்கள். ஒவ்வொரு முன்சக்கரத்தையும் கீழே இரண்டு அலுமினிய ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று டென்ஷன் ஸ்ட்ரட். பிரேக் பிடிக்கும்போது வரும் விசையைத் தாங்குவது இதுதான். இதன் ஒரு முனையில் திரவம் நிரம்பிய ஹைட்ரோ புஷ் இருக்கிறது. ரப்பர் கிழிந்து திரவம் ஒழுகிவிட்டால், 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். அந்த நடுக்கத்தை டிஸ்க் கோணல் என்று முடிவுகட்டி, டிஸ்க்கும் பேடும் மாற்றி, ஒரு மாதத்தில் அதே நடுக்கத்தோடு திரும்பி வருபவர்கள் ஏராளம். புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். டிஸ்க் அதற்குப் பிறகு.

புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். குறியோடு பொருத்தித் திசை பிசகாமல் ஏற்ற வேண்டும். ஆனால் புஷ் போன வயதில் மறுமுனையின் பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருக்கும் என்பதால் முழு ஆர்மாக வாங்குவதே நல்லது, அதுவும் இரண்டு பக்கத்துக்கும். பழைய ஜாயின்ட்டைப் புல்லர் வைத்தே கழற்ற வேண்டும், சுத்தியல் வேண்டாம். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

புது ஆர்மும் ஆறே மாதத்தில் போய்விட்டது என்ற புகார் பிறப்பது, கடைசியில் போல்ட் இறுக்கும் இடத்தில். புஷ்ஷின் ரப்பர், உள் உருளையோடும் வெளி உருளையோடும் ஒட்டப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள் உருளை அந்தக் கோணத்திலேயே நிலைத்துவிடும். ஆர்ம் மேலும் கீழும் அசைகையில் எதுவும் சுழலுவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. இரண்டு தூண் லிஃப்டில் கார் நிற்கும்போது சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அந்த முறுக்கு கூடி, சீக்கிரமே கிழிந்துவிடும்.

ஆகவே லிஃப்டில் புஷ் போல்ட்டைக் கைப்பிடி இறுக்கம் மட்டுமே வைக்க வேண்டும். பால் ஜாயின்ட் நட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை; அதை மேலேயே இறுக்கிவிடலாம். பிறகு சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, பட்டறைக்குள்ளேயே கையால் தள்ளிக் குழிமேல் நிறுத்தி, முன்பக்கத்தைச் சிலமுறை அமுக்கிவிட்டு, கீழிருந்து டார்க் ரெஞ்ச் போட வேண்டும். நிறுவனக் கையேடு இருக்கைகளில் எடை ஏற்றிவைத்து இறுக்கச் சொல்கிறது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் கிட்டத்தட்ட அந்த நிலை வந்துவிடும். பழைய பாணிக் குழிப் பட்டறை பளபளக்கும் லிஃப்டை வெல்லும் வேலை இது. குழி இல்லாவிட்டால், கழற்றுமுன்பே சமதரையில் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளலாம். பின்னர் ஹப்பின் அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி இறுக்கலாம். அப்போது கார் ஸ்டாண்டை விட்டு எழும்பிவிடாமல் கவனிப்பது அவசியம்.

இதே சமயத்தில் சிலர் அதே தலைமுறை எம்3-இன் முன் ஆர்ம்களைப் போடுகிறார்கள். அவை நேரடியாகப் பொருந்தும். ஹைட்ரோ புஷ் இருந்த இடத்தில் கெட்டியான ஜாயின்ட் வருவதால் ஸ்டியரிங் கூர்மையாகும்; சுமார் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பரும் கூடும். கொஞ்சம் சத்தத்தைப் பொறுப்பவர்களுக்கு இது அருமையான மாற்றம். லோயரிங் ஸ்பிரிங் மட்டும் நம் சாலைகளுக்கு வேண்டாம்.

ஷாக் அப்சார்பர்களை ஜோடியாக, மேல் மவுன்ட்டோடும் பம்ப் ஸ்டாப்போடும் சேர்த்து மாற்ற வேண்டும். சக்கர போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்புவதை ஏற்கக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகே வீல் அலைன்மென்ட். இந்தக் காரில் பின் சக்கரங்களுக்கும் டோ, கேம்பர் இரண்டையும் திருத்தலாம். பின்பக்கத்தைச் சரிசெய்த பிறகே முன்பக்கத்தைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். இறுதியாக ஸ்கேனர் மாட்டி ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை மறுபடி நேராக்கிப் பதிய வேண்டும், இல்லையென்றால் கார் வழுக்காமல் காக்கும் டி.எஸ்.சி. அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். அந்த ஸ்கேனர் இல்லாத கடைக்கு இந்தக் காரைக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது.