நெருப்புக்குக் கீழிருந்து வளி: உலைத்தட்டுகளும் குப்பை எரித்தலும்

மாணவர்களே, "தகனத்துக்குத் தேவையான மூன்று காரணிகளையும் தருக" என்று வினா வந்தால் எல்லோரும் எழுதிவிடுவீர்கள். தகனப் பொருள், ஒட்சிசன், எரிபற்று வெப்பநிலை. மூன்று புள்ளியும் கையில். ஆனால் அடுத்த பகுதியில், "பரலில் இட்ட குப்பை சுவாலையின்றிப் புகைவதற்குக் காரணம் யாது?" என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. எரிவதற்குப் பொருள் இருக்கிறது. சுற்றிலும் வளி இருக்கிறது. தீக்குச்சியும் வைத்தாயிற்று. பிறகு ஏன் புகைகிறது? இந்தப் பாடம் அந்த ஒரு வினாவைப் பற்றியது.

தமிழும் வரலாறும் படிப்பிக்கிற ஆள் விஞ்ஞானப் பகுதிக்கு எழுதுவது ஏன் என்று கேட்பீர்கள். இந்த விடயத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால்தான். மன்னார்த் தீவில் எங்கள் வகுப்புக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு தார்ப் பரல் வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பார்சல் தாள், சொப்பிங் பை, கூட்டிய சருகு எல்லாம் அதற்குள் போகும். பின்னேரம் நெருப்பு வைப்பேன். மேலே பத்து நிமிடம் எரியும். பிறகு விடியும்வரை புகையும். சோழகம் அடிக்கும் மாதங்களில் அந்தப் புகை நேரே பின்வளவுக்குப் போகும். அங்கே தொய்வுக்காரரான ஓர் ஆச்சி. ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னார்: "தம்பி, எரிக்கிறதெண்டால் எரிச்சுப் போடுங்கோ. இப்பிடிப் புகைய விடாதேங்கோ, இரவு முழுக்க இருந்தபடிதான்."

எரிப்பதற்கும் புகைய விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். புத்தகத்தில் அதுதான் நிறைதகனமும் குறைதகனமும்.

காபன் + போதிய ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு
காபன் + போதாத ஒட்சிசன் → காபனோரொட்சைட்டு, புகைக்கரி

பரலுக்குள் நடந்தது என்ன? சூடான வாயு அடர்த்தி குறைந்தது, ஆகவே மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த வளி கீழிருந்து வரவேண்டும். இது நீங்கள் படித்த மேற்காவுகை. என் பரலின் அடி மூடியிருந்தது. துளைகள் இருந்தன, ஆனால் பாதி உயரத்துக்கு மேலே போட்டிருந்தேன். ஆகவே மேற்படை எரிந்தது. கீழ்ப்படைக்கு வளி எட்டவில்லை. போதாததற்கு, எரிந்த சாம்பல் இறங்க வழியின்றி எரியாத குப்பையைப் போர்வை போல மூடியது.

பரலின் அடிப்பக்கத்தைச் சுற்றித் துளையிட்டேன். உள்ளே மூன்று செங்கல் வைத்து, அவற்றின்மேல் கட்டடக் கம்பித் துண்டுகளை விரல் இடைவெளியில் பரப்பினேன். அன்று பின்னேரம் நெருப்பு சத்தமிட்டு எரிந்தது. நான் செய்தது ஓர் உலைத்தட்டு.

வரைவிலக்கணம்: திண்ம எரிபொருளைத் தாங்கி, அதன் ஊடாகக் கீழிருந்து வளியை விட்டு, சாம்பலைக் கீழே விழவிடும் இடைவெளியுள்ள தட்டு உலைத்தட்டு எனப்படும். தாங்குதல், வளி விடுதல், சாம்பல் நீக்குதல் ஆகிய மூன்றையும் எழுதினால்தான் முழுப்புள்ளி. பலர் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

என் தட்டு ஒரு மாதமும் நிற்கவில்லை. கம்பிகள் நடுவில் தொய்ந்து, செதில் செதிலாக உரிந்து விழுந்தன. இதற்குக் காரணம் குப்பையல்ல, என் சோம்பல். தட்டுக்குக் கீழே சேர்ந்த சாம்பலை நான் அள்ளவில்லை. கீழிருந்து வரும் வளி நெருப்பை வளர்ப்பதோடு தட்டையும் குளிர்விக்கிறது. சாம்பல் குவிந்து அந்த வளியை அடைத்தால், மேலும் கீழும் தணல், நடுவில் கம்பி. செஞ்சூட்டில் இரும்பு வலுவிழக்கும். ஒட்சிசனுடன் தாக்கமுற்று இரும்பொட்சைட்டுச் செதிலாகும். தொழிற்சாலை உலைகளில் தட்டுச் சட்டங்களை வார்ப்பிரும்பிலும், குப்பை எரியுலைகளில் குரோமியம் கூடிய கலப்புலோகத்திலும் செய்வது இதனால்தான்.

1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அந்தக் காலப் புகையிரதத்தை இழுத்தவை நீராவி எஞ்சின்கள். நிலக்கரி எரிக்கும் எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்கு அடியிலும் இதே தட்டுத்தான். அதற்குக் கீழே சாம்பல் தட்டம். நெருப்புக்காரர் நிலக்கரியை அள்ளிப் போடுவதோடு நிற்பதில்லை, நீண்ட இரும்புக் கோலால் கிளறிக்கொண்டும் இருப்பார். கிளறாவிட்டால் சாம்பல் உருகிக் கட்டியாகி இடைவெளிகளை அடைத்துவிடும். கொல்லன் உலையில் கிட்டம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1990 இல் நின்றுபோன அந்தச் சேவை 2015 இல் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தபோது ஓடியது டீசல் எஞ்சின். திரவ எரிபொருளுக்குத் தட்டு வேண்டியதில்லை.

எல்லாத் திண்ம எரிபொருளுக்கும் தட்டு வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. நுரைச்சோலை அனல் மின்னிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து வளியோடு ஊதி எரிக்கிறார்கள். துணிக்கை சிறிதாகும்போது மேற்பரப்பளவு கூடும், தாக்கவீதம் கூடும். தூள் அந்தரத்திலேயே எரிந்துவிடும். மேற்பரப்பளவுக்கு உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள்.

குப்பையை அப்படி மாவாக்க முடியாது. நிலக்கரி ஒரே இனம். குப்பையோ ஒரு பிடியில் பழத்தோல், மறுபிடியில் பொலித்தீன், அதற்கடுத்து உடைந்த போத்தல். கிளறக் கோலோடு ஆள் நிற்கவும் இயலாது. ஆகவே தட்டையே அசைய வைத்தார்கள். சங்கிலித் தட்டு பட்டியைப் போல ஒரு பக்கமாக ஊர்ந்து எரிபொருளைச் சுமந்து செல்லும். அது நிலக்கரிக்கு நன்று, குப்பையைப் புரட்டாது. உருளைத் தட்டில் பெரிய உருளைகள் சரிவாக அடுக்கப்பட்டு மெல்லச் சுழலும். இன்று குப்பைக்கு அதிகம் பயன்படுவது படித்தட்டு. மாடிப்படி போன்ற சரிவில் சட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒரு வரிசை அசையாது. அடுத்த வரிசை முன்னும் பின்னும் நகரும். குப்பை புரண்டு புரண்டு இறங்கும். மேற்படிகளில் அது உலரும். நடுவில் வாயுக்கள் வெளியேறிச் சுவாலையாக எரியும். கடைசியில் மிஞ்சிய கரி எரிந்து, சாம்பல் நீர்த்தொட்டியில் விழும். இந்தப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு பகுதிக்கும் கீழிருந்து தனித்தனியாக அளந்து வளி ஊதப்படும். மேலிருந்தும் வளி பாய்ச்சி, எழும் வாயுக்களை எரித்து முடிப்பார்கள். அந்த வாயு 850 பாகை செல்சியசில் குறைந்தது 2 செக்கன் நிற்கவேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

இவ்வளவு திறமான தட்டு இருந்தும் தோற்ற ஓர் எரியுலையைச் சொல்கிறேன். 1987 இல் இந்தியத் தலைநகர் டெல்லியின் திமார்பூரில், டென்மார்க் நாட்டுத் தொழினுட்பத்தில், நாளொன்றுக்கு 300 தொன் குப்பையை எரித்து மின் பெறும் நிலையம் கட்டப்பட்டது. அது 21 நாள் ஓடி நின்றது. கிலோகிராமுக்கு ஏறக்குறைய 6 மெகாயூல் வெப்பம் தரும் குப்பைக்காக உலை திட்டமிடப்பட்டிருந்தது. வந்த குப்பை அதில் பாதியும் தரவில்லை. ஈரமும் மண்ணும் கூட. எரியக்கூடிய தாள், பிளாஸ்ரிக்கைப் பொறுக்குவோர் முன்னரே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் பாடக் கணக்காகவே இதைச் செய்து பார்ப்போம். ஒரு கிலோகிராம் குப்பையில் 600 கிராம் நீர், 200 கிராம் மணல், 200 கிராம் எரியும் பொருள் என வைப்போம். எரியும் பொருள் கிலோகிராமுக்கு 15 மெகாயூல் தரும் என்க.

கிடைக்கும் வெப்பம்: 0.2 × 15 = 3 மெகாயூல்
நீரை 30 இலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க: 0.6 × 4200 × 70 = 176 400 யூல்
அந்த நீரை ஆவியாக்க: 0.6 × 2 260 000 = 1 356 000 யூல்
நீருக்காகச் செலவாகும் மொத்தம்: 1 532 400 யூல், அதாவது ஏறக்குறைய 1.5 மெகாயூல்

பாதி வெப்பம் நீருக்கே போய்விட்டது. மிச்சப் பாதி மணலையும் உட்புகும் வளியையும் ஆவியையும் 850 பாகைக்கு ஏற்றப் போதாது. தட்டில் பிழையில்லை, அதன்மேல் போட்டதில்தான் பிழை. மறைவெப்பத்தை வெறும் சூத்திரமாகப் பாடமாக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கை இரண்டு முறை செய்துபாருங்கள்.

இலங்கையின் குப்பையிலும் சமையலறைக் கழிவே அதிகம். 2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் நாட்டின் முதலாவது குப்பை மின்னிலையம் திறக்கப்பட்டது. அசையும் தட்டுள்ள அந்த உலையிலிருந்து 10 மெகாவாற்று மின் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். கொழும்புக் குப்பைக்கு வேறு வழி தேடும் அவசரம் அதன்பின் கூடியது.

ஆச்சியின் கதைக்கு வருகிறேன். புதுத் தட்டுப் போட்டபின் சருகும் தாளும் புகையின்றி எரிந்தன. சொப்பிங் பை போட்ட நாட்களில் அவர் அப்போதும் இருமினார். பரலில் 850 பாகையும் இல்லை, வாயுவை மறித்து எரிக்க மேல்வளியும் இல்லை, வடிகட்டியும் இல்லை. பொலித்தீன் உருகிக் கம்பி இடைவெளியையும் அடைத்தது. குளோரீன் உள்ள பிளாஸ்ரிக் எரியும்போது ஐதரசன் குளோரைட்டும், குறைந்த வெப்பநிலையில் டயொக்சின் எனும் நச்சுச் சேர்வைகளும் உண்டாகும். எந்தத் தட்டும் பரலை எரியுலை ஆக்காது. இப்போது என் பரலுக்குள் சருகும் தாளும் மட்டும். சோற்று மிச்சம் குழிக்குள். பிளாஸ்ரிக் கழுவி உரப்பையில்.

சாம்பலையும் மறக்கவேண்டாம். நல்ல எரியுலையிலும் குப்பையின் நிறையில் ஏறத்தாழக் கால்வாசி சாம்பலாக மிஞ்சும். சிங்கப்பூரில் 1999 முதல் அதைக் கடலில் கல்லணை கட்டிய செமாகாவ் நிரப்பிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மன்னார்த் தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. எங்கள் கிணறுகளுக்கு வருவது அந்த நீர்தான். பிளாஸ்ரிக் எரித்த சாம்பலைக் கிணற்றடி மணலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை, "கரைசல்கள்" அலகைப் படித்த நீங்களே சொல்லலாம்.

மாதிரி வினாக்கள்

1. பரலின் அடியில் துளையிட்டபின் குப்பை சுவாலையுடன் எரிவது ஏன்?
விடை: சூடான வாயு மேற்காவுகையால் மேலெழ, அடித்துளைகளினூடாகக் குளிர்ந்த வளி உட்புகும். கீழ்ப்படைக்கும் போதிய ஒட்சிசன் கிடைப்பதால் நிறைதகனம் நிகழும்.

2. தட்டுக்குக் கீழுள்ள சாம்பலை அகற்றாவிடின் ஏற்படும் இரண்டு தீமைகளைத் தருக.
விடை: வளி தடைப்பட்டுக் குறைதகனம் நிகழும். தட்டு குளிராமல் வலுவிழந்து ஒட்சியேற்றப்படும்.

3. மேலே செய்த கணக்கில் நீரின் அளவு 600 கிராமிலிருந்து 300 கிராமாகவும், எரியும் பொருள் 500 கிராமாகவும் மாறினால், நீருக்காகச் செலவாகும் வெப்பம் கிடைக்கும் வெப்பத்தில் எத்தனை சதவீதம்? (ஏறக்குறைய 10 சதவீதம் என வரவேண்டும். வராவிட்டால் பூச்சியங்களை எண்ணிப் பாருங்கள்.)