ஆசிரியரைத் தாங்கும் அதிபர்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாம் நடந்தபோது, எமது பிள்ளைகளின் ஆசிரியர்களும் அதே வீதியில்தான் நடந்தார்கள். பின்னர் நிவாரண வரிசையில் நின்ற ஒருநாள், எமக்கு முன்னால் நிற்பவர் மகளின் கணித ரீச்சர் என்று கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவரும் திருப்பிக்கொண்டார். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் அப்படித்தான். முகாமுக்குள் அடைபட்டிருந்த ஆசிரியர்களே அங்குள்ள கொட்டில்களில் வகுப்பெடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்களும் வாளியோடு தண்ணீர் வரிசைக்குப் போனார்கள்.

இடம்பெயர்ந்த பாடசாலையில் அதிபரின் முதல் வேலை எது? கட்டடம் என்போம், தளபாடம் என்போம், பரீட்சைப் பெறுபேறு என்போம். நாம் கண்டமட்டில், இருக்கின்ற ஆசிரியர்களை இழந்துவிடாமல் பார்ப்பதே முதல் வேலை. இடமாற்றம் எடுத்துப் போகிறவர் ஒருவகை. வகுப்பில் நின்றபடியே மனம் விட்டுப்போகிறவர் இன்னொரு வகை. கரும்பலகையில் எழுதிவிட்டு, "பார்த்து எழுதுங்கோ" என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிடுவார். அவரைச் சோம்பேறி என்று ஏசுவது சுலபம். நாமும் ஏசியிருக்கிறோம்.

நாம் நன்கறிந்த பாடசாலை ஒன்று வன்னியில் இருந்தது. 1996இல் கிளாலிக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, உள்ளூர்ப் பாடசாலைக் கட்டடத்தில் பிற்பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கும். அதிபர் கண்டிப்பானவர். நேரமானதும் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறிவிடுவார். ஓர் ஆசிரியையின் கையொப்பம் ஒரே மாதத்தில் பலமுறை கோட்டின் கீழே விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, இடமாற்ற விண்ணப்பம் எழுதினார். அதை வாசித்த பிறகுதான் அதிபர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் இருந்த கொட்டிலுக்குப் போனார். அந்தக் குடியிருப்புக்கே ஒரு கிணறு. முறை வைத்துத்தான் அள்ளலாம். அவருடைய முறை பன்னிரண்டு மணிக்கு. வீட்டில் படுக்கையில் தாய்.

மறுநாள் நேரசூசி மாறியது. அவருடைய முதற் பாடவேளையை இன்னொருவர் ஏற்றார், கடைசிப் பாடவேளை இவருக்கு வந்தது. ஒரு சதமும் செலவில்லை. இதற்கு ஒரு மாதம் ஏன் எடுத்தது என்று அதிபரே பிறகு பெற்றோர் கூட்டத்தில் வருத்தப்பட்டார். அவர்மேல் எமக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அங்கே உயர்தரம் முடித்த பிள்ளையொருத்தி தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். மூன்றாம், நான்காம் ஆண்டுகள் இரண்டையும் ஒரே மரத்தடியில் வைத்திருந்தாள். ஓர் ஆண்டுக்குச் சொல்லும்போது மற்ற ஆண்டு குழப்பும். அரச நியமனம் பெற்றவருக்குப் பயிற்சி உண்டு, சேவைக்கால ஆலோசகர் உண்டு. தொண்டருக்கு அதிபரை விட்டால் யார்? அவர் ஒருநாள் கொப்பியும் பேனையும் இல்லாமல் வந்து பிள்ளைகளோடு பின்னால் இருந்தார். குறை ஒன்றும் அந்த இடத்தில் சொல்லவில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு, "எது பிள்ளை கஷ்டம்?" என்றுதான் கேட்டார். கிழமையில் இரண்டு பாடவேளை அவள் மூத்த ஆசிரியை ஒருவரின் வகுப்பில் இருந்து பார்க்க ஒழுங்கு செய்தார். அந்த நேரம் அவளுடைய வகுப்பைத் தானே எடுத்தார். அதிபர் வெண்கட்டியோடு மரத்தடியில் நிற்பதைக் கண்டபின் மற்ற ஆசிரியர்களும் தங்கள் வகுப்புக்கு ஒருவரையொருவர் கூப்பிடத் தொடங்கினார்கள். சுண்டையும் கொத்தையும் வைத்து நெல் அளந்து பின்னம் படிப்பிக்கும் முறை அப்படித்தான் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போனது. நெல்லும் கொத்தும் எங்கள் வீடுகளிலிருந்து போனவை.

மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில்தான் பாடக்குறிப்பு எழுதினார்கள். அதனால் அதிபர் குறிப்பின் நீளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மேலிடத்தில் கேள்வி வந்தால் தான் பதில் சொல்வதாகச் சொன்னார்.

எல்லாம் சரிவந்தது என்று சொல்லமாட்டோம். தாய் இறந்தபின் அந்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனார். போகும்போது தன் பாடக்குறிப்புக் கொப்பிகளை அந்தத் தொண்டர் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெற்றோராகிய எமக்கு இதில் என்ன வேலை? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபர்தான், ஆனால் கூட்டத்தில் பேச எமக்கும் வாய் உண்டு. ஒக்ரோபர் 6இல் ஆசிரியர் தினத்துக்கு மாலை போடுகிறோம். அவர்களுக்கு மலசலகூடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. அந்தப் பாடசாலையில் ஆசிரியைமார் அதற்குப் பயந்தே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். அதிபர் இதைக் கூச்சத்தோடு கூட்டத்தில் எடுத்தார். அடுத்த ஞாயிறு நாலு பேர் குழி வெட்டினோம், பெண்கள் கிடுகு பின்னினார்கள். பாடசாலை விட்டு இருட்டில் தனியே நடந்த மூன்று ஆசிரியைமாருக்குத் துணையாக யார் யார் எந்த நாளில் சைக்கிளில் போவது என்பதையும் அன்றே எழுதி, அதிபரின் மேசைக்குமேல் ஒட்டினோம்.