போன் ஸ்பீக்கரில் காணாமல் போன செல்லோ

செமஸ்டர் லீவுல, நெய்வேலி நகரியத்துல எங்க குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில படுத்துக்கிட்டு, பிராம்ஸின் முதல் செல்லோ சொனாட்டாவை போன் ஸ்பீக்கர்ல போட்டேன். கிட்டத்தட்ட பியானோ மட்டும்தான் கேட்டுச்சு. ஆப் தப்பான டிராக் போடுதுன்னே நினைச்சேன். ஹெட்செட் மாட்டின பிறகுதான் தெரிஞ்சது, ஆரம்பத்துல மெட்டைப் பாடுறதே செல்லோதான்!

காரணம் நமக்குத் தெரிஞ்ச ஃபிசிக்ஸ். செல்லோவின் நாலு தந்திகள் சுமார் 65, 98, 147, 220 ஹெர்ட்ஸ். அந்த அடி ஸ்தாயியை போன் ஸ்பீக்கர் பெரும்பாலும் முழுங்கிடும். மேடையிலயும் இதே சிக்கல் வேற உருவத்துல வரும். பியானோவில் இடது கை வாசிக்கிறதும் அதே எல்லைதான், சத்தமும் அதிகம். கொஞ்சம் அசந்தா செல்லோ மூழ்கிடும்.

பிராம்ஸ் 1862-ல் தொடங்கி 1865-ல் முடிச்ச அந்த சொனாட்டாவில் (ஓபஸ் 38), முதல் மெட்டை செல்லோவின் அடி ஸ்தாயியிலேயே வைக்கிறார். பியானோ தாளத்தின் முதல் தட்டை விட்டுட்டு, மெல்ல கார்டு வைக்கும். செல்லோவுக்கு வழி விடுறது அந்த இடைவெளிதான். ஆனா பியானோவை நம்ம ஊர் பக்கவாத்தியம் மாதிரி நினைச்சிடாதீங்க. தலைப்பே ‘பியானோவுக்கும் செல்லோவுக்கும்’, பியானோதான் முதல்ல. இதை யாருக்கு அர்ப்பணிச்சாரோ அந்த கென்ஸ்பாஹர், கூட வாசிக்கும்போது தன் செல்லோ தனக்கே கேக்கலைன்னு புகார் சொன்னாராம். உங்க அதிர்ஷ்டம்னாராம் பிராம்ஸ். (நண்பன்னா இப்படித்தான்.)

கடைசிப் பகுதி ஃபியூக் பாணி. ஒரே மெட்டை ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் துரத்துவாங்க: பியானோவின் ரெண்டு கையும் ரெண்டு குரல், செல்லோ மூணாவது. அந்த மெட்டுக்கு வேர் பாக். 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் பாக்கோட பேரிலேயே ஒரு டிராக் இருக்கு, அதைக் கேட்டவங்களுக்கு இந்தத் துரத்தல் புதுசா இருக்காது.

எனக்கு இதைவிடப் பிடிச்சது ஷோபானின் ஜி மைனர் சொனாட்டா. பியானோவுக்கே வாழ்ந்தவர், நண்பர் ஃபிரான்ஷோமுக்காக 1846-ல் எழுதி முடிச்சார். 1848 பிப்ரவரி 16, பாரிஸில் அவரோட கடைசிக் கச்சேரி. உடம்பு ரொம்ப மோசம். முதல் பகுதியை விட்டுட்டு மத்த மூணையும் ரெண்டு பேரும் வாசிச்சாங்க. அடுத்த வருஷம் ஷோபான் இல்லை.

அதுல மூணாவது பகுதி, லார்கோ, சுமார் நாலு நிமிஷம்தான். ஒரே வரியை செல்லோவும் பியானோவும் மாத்தி மாத்தி வாங்கிக்கும். இன்னைக்கு ராத்திரி கேளுங்க. ஹெட்செட்டோட.