உப்பு என்ற ஒரு சொல்

புத்தலப்பட்டு,
கார்த்திகை 20

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து கிரேக்கத்தில் உள்ள தெசலோனிக்கிக்கு, உன்னவரின் அம்மா வீட்டுக்குப் போகிறாய், ஜனவரி 6 வரை அங்கேதான் என்று உன் அம்மா சொன்னாள். "பாஷை தெரியாத வீட்டில் பிள்ளை என்ன பண்ணுவாளோ" என்று சொல்லும்போதே அவள் குரல் கம்மிவிட்டது. அதற்குப் பதில் சொல்ல நம் குடும்பத்தில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

1981-ல் வாலாஜாவிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். என் மாமியார் கடப்பா பக்கம். தமிழ் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியாது. முதல் பத்து நாள் கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. பதினோராம் நாள் காலையில் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்காயை எடுத்து நறுக்கினேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பப்பு (பருப்பு) கொதித்ததும் கரண்டியில் எடுத்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்பு?" என்றார். இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல். நான் தலையாட்டினேன். அன்றைக்குத்தான் இந்த வீட்டுக்கு நான் மருமகளானேன்.

அதனால் உனக்கு என் முதல் புத்தி இதுதான்: வரவேற்பறையில் உட்காராதே, அடுப்படிக்குப் போ. கிரேக்கத்தில் உப்புக்கு "அலாட்டி" என்று பெயராம். வணக்கம் சொல்லக் கற்பதற்கு முன்னால் அதைக் கற்றுக்கொள். பண்டிகைக்கு அவர்கள் மெலோமகாரோனா என்று ஒரு பலகாரம் செய்வார்கள். ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவைச் சுட்டு, பட்டை, கிராம்பு போட்ட தேன் பாகில் ஊறவைத்து, வால்நட் தூவுவது. பாகில் போட்டு எடுக்கும் வேலையை நீ கேட்டு வாங்கிக்கொள். கை வேலை செய்தால் வாய் தானாகப் பழகும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதே.

நீ அசைவம் சாப்பிடமாட்டாய் என்பதைப் போவதற்கு முன்பே அவர் வாயால் சொல்லவை. கிறிஸ்துமஸ் அன்று பெரும்பாலும் பன்றி இறைச்சிதான் விருந்து. பரிமாறிய பிறகு மறுத்தால் சமைத்தவள் மனசு நோகும். கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பது நாள் அவர்களுக்கு நோன்பு. "நிஸ்திசிமா" என்றால் நோன்புச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் அதில் சேர்த்தி. கேட்டுக்கொண்டு சாப்பிடு.

கையும் தலையும் பத்திரம். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை எதிரே காட்டினால் அங்கே அது வசவு. "போதும்" என்று பழக்கத்தில் காட்டிவிடாதே. நாம் "என்ன?" என்று கேட்கத் தலையை மேலே தூக்குவோமே, அவர்களுக்கு அது "இல்லை". "நே" என்றால் "ஆமாம்".

கோயிலுக்கு அழைத்தால் போ. உள்ளே நுழைந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நீயும் ஏற்று. நற்கருணை அவர்கள் சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அந்த வரிசையில் நிற்காதே. கண் பட்டுவிடும் என்று நீல மணி கட்டுவதையும், "ஃப்து ஃப்து" என்று மூன்று தரம் துப்புவதையும், புத்தாண்டுக்கு வாசலில் மாதுளையை உடைப்பதையும் பார்க்கும்போது உனக்கு ஆயா ஞாபகம் வரும்.

உன்னுடையதை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். நீ எடுத்துப்போன சித்தூர் வெல்லம் இருக்கிறதே, ஒரு நாள் அந்த அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வை. நான் வந்த முதல் மார்கழியில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். திருமலையில் அந்த மாதம் முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவைதான். தெலுங்கு தேசத்து மலையில் பெருமாள் தமிழ் கேட்டு எழுகிறார் என்று அறிந்த அன்று எனக்கு வந்த தெம்பு கொஞ்சமல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பாஸ்போர்ட், திரும்புகிற டிக்கெட், கைச்செலவுப் பணம் மூன்றும் உன் பையிலேயே இருக்கட்டும். இது அவர் மேல் சந்தேகத்தால் சொல்வதல்ல. தன் காலில் நிற்பவளால்தான் அடுத்த வீட்டில் தாராளமாகப் பழக முடியும். தினமும் அம்மாவுக்கு ஒரு போன் போடு. நாம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே மாலை ஆறு என்றால் அவள் தூங்கப்போகும் நேரம்.

ஜனவரி 1 அன்று வாசிலோபிட்டா என்ற கேக்குக்குள் ஒரு காசை ஒளித்துவைத்து வெட்டுவார்கள். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, பிறகு மாதாவுக்கு, வீட்டுக்கு, அப்புறம் பெரியவர் முதல் சிறியவர் வரை பெயர் சொல்லி ஒவ்வொரு துண்டு. காசு யாருக்கு வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். உன் பெயரைச் சொல்லிக் கத்தியை வைத்தார்களா, அதை மட்டும் எழுது.

ஆசிகளுடன்,
உன் பெரியம்மா