கொட்டகையில் ஜீப்பைப் பிரித்துப் போட்டிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எடப்பாடியில் தறிக்கூடத்தை ஒட்டிய கொட்டகையில் ஒரு பழைய மஹிந்திரா சிஜே-3பியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய், பாடியையும் கழற்றி இறக்கிவிட்டாய் என்று உன் கடிதத்தில் படித்தேன். உதிரிப்பாகங்களை எல்லாம் புதிதாக வரவழைக்கப் பட்டியல் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் மடித்து வை. பழைய பாகத்தைக் கழுவி, அளந்து, சரிசெய்ய வழி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு புதுப் பாகமும் வாங்காதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன்னைப்போல இந்த வேலையில் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன் கொட்டகையில் நிற்பது என்ன வண்டி என்று தெரிந்துகொண்டால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. போர்க்களத்தில் பட்டறை ஏது? மரத்தடியில், கையிலிருக்கும் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, ஒரு சாதாரணச் சிப்பாய் பிரித்துப் பூட்டும்படி அந்த வண்டியை அமைத்தார்கள். அதன் வாரிசுதான் 1953-இல் வந்த சிஜே-3பி. பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தாய். அதிலிருக்கும் ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் வால்வுகளை ஹெட்டுக்கு ஏற்றினார்கள், எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பிளாக்கிலேயே விட்டார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-லேயே இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். மஹிந்திரா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இங்கே செய்தது. வட்டார வளர்ச்சி அலுவலர் ஊருக்குள் வந்ததும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஆளும் மூட்டையும் ஏறியதும் இந்த வகை வண்டிகளில்தான். பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி இது. அதில் உள்ள இரும்பும் வார்ப்பும் அதற்குத் தாங்கும். இன்று நகலாகச் செய்து விற்கும் பாகங்கள் பலவற்றை நம்பி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டியிருந்தாயானால் இன்றைக்கே பிரித்து, எந்த இடத்துப் போல்ட் என்று சீட்டு எழுதிக் கட்டு. இன்னொன்று: இந்த வண்டியின் மரை எல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலையை உருட்டிவிடாதே. பழைய லாரி மெக்கானிக்குகளிடம் அங்குல ஸ்பேனர் செட் இருக்கும்.

அந்த மெக்கானிக்குகளைப் பற்றித்தான் உனக்கு அதிகம் சொல்ல வேண்டும். உன் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசி. சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. தேய்ந்த ஷாஃப்டுக்கு வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது, தளர்ந்த ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவது, கிராங்க் தேய்ப்பது, கிளட்ச் பிளேட்டுக்கு லைனிங் அடிப்பது எல்லாம் இந்தச் சமவெளியில் தினப்படி வேலை. சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதற்காக அலைகிறார்கள். உனக்கு மொபெட்டில் போய்வரும் தூரம். அங்கே போகும்போது செல்போனில் பார்த்த வீடியோவை நீட்டி, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லாதே. பாகத்தை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ சுத்தமாகக் கழுவித் துடைத்து எடுத்துப்போ. என்ன கோளாறு என்று கேள், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நில். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடு. அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் ஒரு பங்கு உனக்கு வந்து சேர்ந்தால் அதன் மதிப்பு உன் ஜீப்பின் விலையை விடப் பெரிது.

வேலையை எஞ்சினில் தொடங்க ஆசைப்படுவாய். எல்லாரும் அப்படித்தான். நான் சொல்கிறேன், பிரேக்கில் தொடங்கு. இந்த வண்டியில் மிதிக்குக் கீழே தரையடியில் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பு. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் துணியில் ஒரு கோடுதான் விழும். இங்கே ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் பிரேக் மொத்தமும் போய்விடும். ஆகையால் ஹோஸ், குழாய், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பு மூன்றையும் யோசிக்காமல் புதிதாகப் போடு. நான் சொன்ன விதிக்கு இவை விலக்கு. இரும்பைச் சரிசெய்யலாம், கிழடான ரப்பரைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கப்புகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதே, உப்பிப் போகும். பிரேக் ஆயிலிலேயே கழுவு. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதிவிடாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து எடு. கை பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருப்பதைப் பார்த்திருப்பாய். அங்கே ஆயில் சீல் தேய்ந்தால் ஷூ முழுக்க ஆயிலில் நனைந்துவிடும். லைனிங்கை எத்தனை முறை மாற்றினாலும் கை பிரேக் பிடிக்காது. முதலில் சீல், அப்புறம் லைனிங்.

அடுத்து முன் ஆக்சில். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங்கிலா, வீல் பேரிங்கிலா என்று கண்டுபிடித்த பிறகே கை வை. கிங்பின்னில் என்றால் ஷிம் தகட்டை எடுத்தும் சேர்த்தும் சரிசெய்யலாம். ஓடும்போது ஸ்டீயரிங் வெடவெடவென்று அடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பலர் ஸ்டீயரிங் பாக்ஸைக் குறை சொல்லி அதை மாற்றிவிட்டு, ஆட்டம் அப்படியே இருக்கிறதே என்று திகைக்கிறார்கள்.

எஞ்சின் சுற்றவே இல்லை என்று எழுதியிருந்தாய். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் மெல்லிய ஆயில் ஊற்றிப் பல நாள் ஊறவிடு. அப்புறம் முன்னால் கைப்பிடி போட்டு மெல்ல அசைத்துப் பார். வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து கியர் போடுகிற வேலை மட்டும் வேண்டாம், ரிங் உடைந்து சிலிண்டர் போருக்குள் கீறல் விழும். சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரெஷன் பார், போரை அளந்து பார். அளவு சொன்னால் மட்டும் போர் அடி. பழைய பிளாக்கை வீணாகக் குடையாதே. ஹெட்டைக் கழற்றினால் இன்டேக் வால்வுதான் கைக்கு வரும். எக்ஸாஸ்ட் வால்வை எடுக்கப் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும். அப்போது வால்வைப் பிடித்திருக்கும் சின்ன லாக்குகள் நழுவி, கீழே உள்ள துளை வழியாக ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும். முன்கூட்டியே அந்தத் துளைகளில் துணியைச் செருகி வை. எடப்பாடியில் நூல் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதை எஞ்சினுக்குள் விடாதே. பிரியும் இழை ஆயில் பாதையை அடைக்கும். நெய்த துணியே வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4 என்று கேட்டு வாங்கு. உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அதுதான் ஏற்றது.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது காலியாகப் பல வருஷம் கிடந்திருந்தாலும் அதன் பக்கத்தில் வெல்டிங் கூடாது. உள்ளே தங்கிய ஆவி போதும், வெடிக்கும். கழற்றி வெளியே தூரமாக வை. இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்ப் டயஃப்ரமும் அதற்குத் தாங்காது, அதற்கு ஏற்றவையாக வாங்கிப் போடு.

தகர வேலைக்கும் பெயின்ட்டுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்து, அதே கனத்துத் தகடு வைத்துப் பற்றவை. துருவின் மேலேயே பட்டி பூசி மறைத்தால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளித்துவிடும். உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். நிறம் உன் விருப்பம்.

சேசிஸில் அடித்திருக்கும் எண்ணின் மேல் மட்டும் கிரைண்டர் படக் கூடாது. துருவைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார். எஞ்சின் எண்ணையும் பார், ஏனென்றால் இந்த வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைத்திருப்பார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அகன்ற டயர், இரும்புக் கூண்டு, வேறு எஞ்சின் என்று நண்பர்கள் ஆசை காட்டும்போது இதை நினைவில் வை. வண்டி ஐம்பது வயதைத் தாண்டி, பழைய உருவிலேயே இருந்தால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும், பத்து வருஷத்துக்குச் செல்லும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம். கொங்கணாபுரம் சந்தைக்குப் போய்வர வேண்டுமென்றால் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள். எது என்று இப்போதே முடிவு செய். எந்தப் பாகத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மாற்றியே ஆகவேண்டிய பாகத்தையும் காயலான் கடையில் போடாதே. ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, பெயர் எழுதி மேலே பரணில் வை. பின்னால் சரியான அளவு தெரிய வேண்டி வரும்போது நகல் பாகம் உதவாது, அந்தத் தேய்ந்த பழையதுதான் உதவும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் கொல்லிமலைக்குப் போகலாம் என்று கூப்பிட ஆள் வருவார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது முழுக்க பிரேக். முதலில் பூலாம்பட்டி வரைக்கும் மெதுவாகப் போய்வா. வந்ததும் ஒவ்வொரு சக்கர டிரம்மையும் தொட்டுப் பார். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ இழுத்துப் பிடிக்கிறது, பிரித்துச் சரிசெய். வீல் நட்டு, ஸ்பிரிங்கின் யூ-போல்ட், ஸ்டீயரிங் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கு. ஐநூறு கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை இறக்கி, ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, இரும்புத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பார். என்ன கண்டாய் என்று எனக்கு எழுது. அதற்குள் சேசிஸ் எண்ணையும் எழுதி அனுப்பு, எந்த வருஷத்து வண்டி என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்