டியூக்கா, ஹிமாலயனா? முதல்ல கணக்கு!

கேடிஎம் 390 டியூக்: 399 சிசி, சுமார் 46 பிஎஸ், சீறிப் பாயும். ஹிமாலயன் 450: சுமார் 40 பிஎஸ்தான், ஆனா 17 லிட்டர் டேங்க், லக்கேஜோட நாள் முழுக்க ஓட்டலாம். ரெண்டுமே 350 சிசிக்கு மேல, அதனால 40% ஜிஎஸ்டி.

எதை வாங்கினாலும் 2 லட்சம் கடன், 10% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் ₹6,453. மொத்த வட்டி மட்டும் ₹32,000-க்கு மேல.

மாசம் 300 கிலோமீட்டர் ஓட்டினா, பெட்ரோல் போடுறதுக்கு முன்னாடியே கிலோமீட்டருக்கு ₹21.50 ஆகுது. 1,000 ஓட்டினா ₹6.45தான்.

போன வருஷம் எத்தனை லாங் ரைடு போனீங்க? நிறையன்னா ஹிமாலயன். தினமும் சிட்டிக்குள்ளதான்னா டியூக். ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லையா? இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம்.